பதினான்கு குப்பிகள்

கொடுத்த மாத்திரையை ஒழுங்காகத் தின்கிற மனிதர் இந்தப் பூமியில் உண்டா என்று ஷிஜியைக் கேட்டிருந்தால், "உண்டு, செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்தில் பதினான்கு பேர் உண்டு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பாள். அதெல்லாம் மே மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி வாய்நோய் பற்றி நடத்திய ஆய்வில் அவளுக்குக் களப்பணி. வாய்க்குள்ளே கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளைப் படலம் விழுந்தவர்களைத் தேடிப் பிடித்து, படிவத்தில் கையெழுத்து வாங்கி, மாதம் ஒரு குப்பி மாத்திரை கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் போய்ப் பழைய குப்பியில் மிச்சம் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். காட்டாக்கடையிலிருந்து காஞ்சிரங்குளம் வரை இருநூற்றுப் பத்துப் பேர். ஸ்கூட்டருக்கும் முதுகுக்கும் ஒரே நேரத்தில் தேய்மானம்.

மிச்சம் எண்ணுவதுதான் வயிற்றெரிச்சல். காட்டாக்கடையில் ஒரு சந்தைக்காரர் குப்பியைத் திறக்காமலே திருப்பித் தந்தார். கேட்டால் "நாளை தொடங்கலாம்ணு வச்சிருந்தேன்" என்றார். காஞ்சிரங்குளத்தில் ஒருவருடைய மாத்திரையைக் கோழி கொத்திவிட்டது. கோழிக்கு வாய்ப்புண் வராது என்ற அளவில் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே செங்கல் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைப் பெண்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். குப்பிக்கு அறுபத்து நான்கு மாத்திரை. முப்பது நாளைக்கு இரண்டு வீதம் அறுபது. தவறி விழுந்தால் உதவட்டும் என்று நான்கு கூடுதல். பதினான்கு குப்பியிலும் மாதாமாதம் மிச்சம் நான்குதான். ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை. அலுவலகத்தில் கணினியில் ஏற்றுகிற நிபின், "சேச்சி, இவங்க மனுஷங்களாக்குமா, மெஷினாக்குமா?" என்று கேட்டான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஆதிரா டாக்டர் ஷிஜியைப் பாராட்டினார். ஷிஜியும் இதெல்லாம் தன் சாமர்த்தியம் என்றே நம்பினாள். பாராட்டு வரும்போது ஏன் வருகிறது என்று யார்தான் ஆராய்கிறார்கள்?

பெண்களில் பாதிப் பேர் முன்பு முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவர்கள். வேலை நேரத்தில் பசி தெரியாமல் இருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வழக்கம். முறுக்கான் என்பார்கள். ஆலை மூடி வருடங்கள் ஆகியும் முறுக்கான் போகவில்லை. அதை அடக்கிவைத்த இடங்களில் வெள்ளைப் படலமும் தங்கிவிட்டது.

அவர்களில் ரத்னபாய் ஒருத்தி. ஐம்பத்து நான்கு வயது, கணவன் இல்லை, ஒரே மகள் வளைகுடாவில் நர்ஸ். பாறசாலை பஸ்ஸில் கண்டக்டர்கள் அவளுக்குச் சில்லறை பாக்கி வைக்கவே பயப்படுவார்கள். அப்படி ஒரு நாக்கு. அந்த நாக்கின் இடது ஓரத்தில்தான் படலம், நடுவில் சிறு சொரசொரப்போடு. முதல் பரிசோதனையில் ஆதிரா டாக்டர் அதை மட்டும் மூன்று முறை திருப்பிப் பார்த்தார். சதை எடுத்துச் சோதித்ததில் லேசான மாற்றம்தான் என்று வந்தது. ஆய்வில் சேர்க்கலாம், ஆனால் மாதம் தவறாமல் பார்த்தே ஆக வேண்டும் என்றார். புற்றாக மாறினால் அன்றைக்கே பிடிக்க வேண்டும். ஒரு மாதம் தள்ளினாலும் நாக்கில் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது.

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை சுகிர்தபாயின் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. ஆராதனை முடிகிற நேரமாகப் பார்த்து ஷிஜி சபைக்குப் போனாள். முன்கூட்டிச் சொல்லவில்லை.

சபை ஹாலில் பெண்கள் சங்கம் கூடியிருந்தது. அன்று பிடியரிசி நாள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் கொட்டுவார்கள். யார் கொண்டுவந்தது நிறைய, யாருடையது குறைவு என்று ஒருவருக்கும் தெரியாது. அதிலிருந்து பங்கு பிரித்து இல்லாத வீடுகளுக்குப் போகும். ஷிஜியின் சபையிலும் உண்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருப்பாள். ஆனால் பக்கத்து மேசையில் இன்னொரு பாத்திரம், ஒரு சருவம், இருந்தது. அதில் இருந்தது அரிசி அல்ல.

சங்கத்துச் செயலாளர் விமலகுமாரி, ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுச் சருவத்திலிருந்து வெள்ளை மாத்திரைகளை எண்ணி எண்ணிக் குப்பிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். முன்தினம் ஷிஜி கொடுத்துவிட்டுப் போன பதினான்கு குப்பிகள். மூடிகள் வரிசையாக இருந்தன.

"விமலக்கா, இது என்னது?"

"குளிகையாக்கும்," என்றாள் விமலகுமாரி, திருடி மாட்டிக்கொண்ட பாவம் ஒரு துளியும் முகத்தில் இல்லாமல். "நீ வந்தது நல்லதாப் போச்சு மக்கா. இந்த மாசம் ஏதோ ஒரு குப்பியில ஒண்ணு கொறவு உண்டு. கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லு, எண்ணத் தெரியாதவனை எதுக்கு வேலைக்கு வச்சிருக்கான்?"

ஷிஜி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் கலக்கினீங்களா? எத்தன மாசமா?"

"தொடக்கத்துல இருந்தே. அஞ்சு மாசமாச்சு. நீதானே சொன்ன? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு சும்மா மாவு, ஆருக்கு எதுண்ணு எனக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாதுண்ணு. நாங்க படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் யோசிச்சோம். ஒரே சபையில பாதிப் பேரு மருந்து தின்னுகதும் பாதிப் பேரு மாவு தின்னுகதும் அடுக்குமா? இப்ப எல்லாருக்கும் கொஞ்சம் மருந்து, கொஞ்சம் மாவு. மாசம் முடிஞ்சா மிச்சத்தையும் கூட்டி, குப்பிக்கு நாலுண்ணு நானே போட்டுத் தருவேன். ஒருத்தியும் வெறுங்கையோட போகண்டாம்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஷிஜிக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் நான்கு நான்கு என்று பெருமையாக எழுதிய கை கூசியது.

"அக்கா, மருந்து தின்னவங்களுக்கும் தின்னாதவங்களுக்கும் வித்தியாசம் உண்டாண்ணு பாக்கத்தானே இந்தப் பாடெல்லாம்! எல்லாத்தையும் கலக்கினா நான் என்னத்தைப் பாக்க? இந்த மருந்து பலிக்குமா பலிக்காதாண்ணு ஆருக்கும் தெரியாது அக்கா. தெரிஞ்சா எதுக்கு ஆய்வு?"

"பலிக்காதுண்ணா எதுக்குத் தாறாங்க?" என்றாள் விமலகுமாரி. அதற்கு அரை நாள் வகுப்பெடுத்தாலும் பதில் போதாது என்று ஷிஜிக்குத் தெரிந்தது.

ரத்னபாய் மட்டும் ஒன்றும் பேசாமல் அரிசி அளந்துகொண்டிருந்தாள். அவள் வாய் மூடி இருப்பதே அபூர்வம். ஷிஜி வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது விமலகுமாரி பின்னாலேயே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது குரல் வேறாக இருந்தது.

"மக்கா, உள்ளதைச் சொல்லுதேன். மத்தவங்களுக்காக இல்ல. அண்ணைக்கு டாக்டர் ரத்னத்துக்க நாக்கைப் பாத்ததும் மொகம் மாறினதை நான் கண்டேன். இவளுக்கு மாவுக் குப்பி வந்துட்டா? முப்பது வருஷமா எனக்க அடுத்த வீடு. வாரத்துக்கு ரெண்டு சண்டை உண்டு, அது வேற. அவ மாவைத் தின்னுட்டு எனக்க கண்ணு முன்ன சாகியதை நான் பாக்க மாட்டேன். அவளுக்கு மட்டும் எனக்க குளிகையைத் தாறேண்ணு சொன்னா வாங்க மாட்டா, வீம்புக்காரி. அதுனால எல்லாருக்கும்ணு சொன்னேன். நீ டாக்டர்கிட்டச் சொல்லாதே. சொன்னா அவளை வெளிய தள்ளிருவாங்க."

வழியெல்லாம் ஷிஜிக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் இருந்தது. சொல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும். பயனில்லாத மருந்து பயனுள்ளதாகத் தோன்றலாம். பயனுள்ளது குப்பைக்கும் போகலாம். பிறகு யார் யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் அதைத் தின்பார்கள், அல்லது கிடைக்காமல் போவார்கள். சொன்னாலோ, பதினான்கு பேரும் ஆய்விலிருந்து போகலாம். மாதப் பரிசோதனையும் போகும். ரத்னபாய் தானாக டிக்கெட் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வாயைத் திறந்து காட்டுகிற ஜாதி இல்லை. நாக்கில் வலி வந்த பிறகுதான் போவாள். வலி வந்த பிறகு போய் என்ன பிரயோஜனம்?

ஷிஜி திங்கட்கிழமை காலை ஆதிரா டாக்டரிடம் போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மூச்சு வாங்காமலே, "ஆனா செக்கப்பை நிறுத்திடாதீங்க டாக்டர்" என்றும் சொன்னாள்.

டாக்டர் பதினான்கு பேரின் கோப்புகளையும் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு திட்டினார். மலையாளத்தில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிந்த திட்டு. பதினான்கும் ஒன்றுபோல் இருந்தபோது ஏன் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்று கேட்டார். கேட்டுவிட்டு, பாராட்டியது தானே என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது: பதினான்கு பேருக்கும் மாத்திரை நிறுத்தம், குப்பிகளைத் திரும்ப வாங்க வேண்டும், பரிசோதனை மட்டும் கடைசிவரை தொடரும். ஷிஜி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகைதான்.

ஊருக்கு அந்த நிம்மதி எப்படித் தெரியும்? மருந்தைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவள் என்றுதான் தெரிந்தது. குப்பிகளைத் திரும்ப வாங்கப் போன அன்று ஒரு வீட்டிலும் உட்காரச் சொல்லவில்லை. விமலகுமாரி குப்பியை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரத்னபாய் மட்டும் கட்டன் சாயா போட்டுக் கொடுத்து, "பிள்ளைகிட்ட என்ன குத்தம்? நாமதானே கூட்டிக் கலக்கினது" என்றாள். கொடுத்துவிட்டு, சாயாவுக்குக் காசு வேண்டாம் என்று கிண்டலும் செய்தாள்.

ஜூன் மாதப் பரிசோதனையில் சொரசொரப்பு பருத்திருந்தது. மறுபடி சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது: புற்று, ஆனால் ஆரம்பம், ஆழம் போகவில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் போதும்.

"எனக்க நாக்குல கொஞ்சம் கொறைஞ்சா ஊருக்கு நல்லதாக்கும்," என்றாள் ரத்னபாய். டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்காததைப் பார்த்தபிறகு அவளும் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் வார்டில் ஷிஜியைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னாள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. விமலகுமாரி துணைக்கு வந்து, அப்போது கேண்டீனுக்குப் போயிருந்தாள்.

"டாக்டர் பறஞ்சாங்க, நான் கேட்டா எனக்க குப்பியில என்ன இருந்துதுண்ணு தெரிஞ்சுக்கிடலாமாம். நான் கேட்டேன். ஒங்கிட்டச் சொல்லியிருக்குண்ணாங்க. நீ சொன்னா எனக்கு வெளங்கும்ணு அவங்களுக்கு நெனப்பு."

நோய் புற்றாக மாறினதால், யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி மூடிவைத்த உறைகளில் அவளுடையதை மட்டும் குழு பிரித்துப் பார்த்திருந்தது. ஷிஜிக்குக் காலையில்தான் தெரிந்தது. இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நூறு விதத்திலும் விஷயம் ஒன்றாகத்தான் இருந்தது.

"மருந்தாக்கும் அக்கா. ஒங்க குப்பியில இருந்தது மருந்து."

ரத்னபாய் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் தின்னது..."

"கலந்ததுனால பாதியோ, கூடவோ கொறையவோ. ஆனா அக்கா, முழுசும் தின்னிருந்தாலும் இது வந்திருக்கலாம். அந்த மருந்து பலிக்குமாண்ணே இன்னும் ஆருக்கும் தெரியாது. நான் ஆறுதலுக்குச் சொல்லல்ல. டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க."

"பலிச்சிருக்கவும் செய்யலாம், இல்லியா?"

ஷிஜியால் பொய் சொல்ல முடியவில்லை. "செய்யலாம்," என்றாள்.

ரத்னபாயின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கமாகத் தலையணையில் இறங்கியது. கோபம் வந்தது அவளுக்கு. யாரையோ திட்ட வாயெடுத்தாள். கேண்டீனிலிருந்து விமலகுமாரி ஒரு கையில் தூக்குச்சட்டியும் ஒரு கையில் பழமுமாக வார்டு வாசலில் ஆள் தேடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரத்னபாய் வாயை மூடிக்கொண்டாள்.

"விமலக்காகிட்டச் சொல்லுவியா?" என்று கேட்டாள் மெல்ல.

"நான் ஆருகிட்டயும் சொல்லப்பிடாது. அது சட்டமாக்கும். ஒங்க விஷயம், நீங்க சொன்னா உண்டு."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நாக்கில் கட்டைவிரல் நகம் அகலத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே போயிற்று. கழுத்தில் ஒன்றும் பரவவில்லை. மூன்று வாரம் கழித்து ஷிஜி வீட்டுக்குப் பார்க்கப் போனபோது ரத்னபாய் கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். பேச்சு குழறியது, ர எழும்பவில்லை. பஸ்ஸில் ஏறினால் இனிக் கண்டக்டர்கள் பயப்படுவார்களா என்பது சந்தேகம்தான். ஷிஜிக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை.

அன்றைக்கென்று சங்கத்துப் பெண்கள் எல்லாரும் ஜெபிக்க வந்திருந்தார்கள். முன்னறை நிறைய ஆட்கள். ஷிஜியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள் சுவரோரமாக நின்றாள். ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு விமலகுமாரி எழுந்தாள். மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

"ரத்னம், நான் ஒண்ணு கேட்டுடுதேன். கேக்காம எனக்கு ஒறக்கம் இல்ல. ஒனக்க குப்பியில என்ன இருந்துதுண்ணு டாக்டர் சொன்னாங்களாம். மருந்தாக்குமா?"

ஷிஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லில் இந்த அம்மாள் பாக்கி வாழ்நாள் முழுக்க உறங்காமல் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

ரத்னபாய் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குழறாமல் வர வேண்டும் என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள்.

"மாவு. வெறும் மாவாக்கும். நீங்க தந்ததுதான் எனக்குக் கெடைச்ச மருந்து. அதுனாலதான் இம்மட்டோட நிண்ணுது."

விமலகுமாரி பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்து, ரத்னபாயின் தோளில் முகத்தைப் புதைத்துச் சத்தமாக அழுதாள். "நான் பறஞ்சேன்லியா? நான் பறஞ்சேன்லியா, இவளுக்கு மாவுதாண்ணு!" சுகிர்தபாயும் அழுதாள். ஒருத்தி "ஸ்தோத்திரம்" என்றாள். ஐந்து மாதம் ஆளுக்குப் பாதியாகத் தின்ற பதின்மூன்று பேரின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. தங்கள் வாயைப் பற்றி ஒருத்தியும் நினைக்கவில்லை.

அழுகை அடங்கியதும் விமலகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இப்போது அவள் பார்வை ஷிஜியின்மேல் இருந்தது.

"கேட்டியா மக்கா? மாவாம். நாங்க கொடுத்ததுதான் இவளைக் காப்பாத்தினது. நீ போய்ச் சொல்லாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு மாசம் தின்னிருப்பா. அந்தத் துண்டு நாக்கும் போயிருக்காது. நீ படிச்ச பிள்ளை, நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா இது நீ செய்ததாக்கும்."

எல்லாரும் ஷிஜியைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. மருந்தை நிறுத்தினது நானா? நீங்கள் கலக்காமல் இருந்திருந்தால் இவளுக்கு முழு மருந்தும் கிடைத்திருக்கும். பரிசோதனை நிற்கக் கூடாது என்று கெஞ்சியது யார்? ஆரம்பத்திலேயே பிடித்தது எதனால்? எல்லாம் தொண்டை வரை வந்தது. ஒரே ஒரு சொல் போதும், இந்த அறை முழுக்கத் தலைகுனியும். சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அது வேறு விஷயம். அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சட்டம் ஞாபகமே வரவில்லை.

விமலகுமாரியின் தோளுக்கு மேலாக ரத்னபாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. பேசினால் குழறும் என்பதால் அல்ல.

"செரிதான் விமலக்கா," என்றாள் ஷிஜி. "எனக்க தப்பாக்கும்."